சாவி வாங்குமுன் சரிபார்ப்போம்

மந்திர் மார்க், கோல் மார்க்கெட் வட்டாரத்து மத்திய அரசுக் குடியிருப்புகளில் வாழ்ந்தவர்களுக்கு ஒரு நடைமுறை நன்றாகத் தெரிந்திருக்கும். வீடு ஒதுக்கப்பட்ட ஊழியர், மத்தியப் பொதுப்பணித் துறையின் ‘என்கொயரி’ அலுவலகத்துக்குச் சென்றுதான் சாவியைப் பெற வேண்டும். மின்விசிறி எத்தனை, குழாய் எத்தனை, வாஷ்பேசின் எத்தனை என்று எழுதிய பட்டியல் ஒன்று அவர் முன் வைக்கப்படும். அதைச் சரிபார்த்துக் கையெழுத்திட்ட பிறகே குடியேறலாம். மாற்றலாகியோ, ஓய்வு பெற்றோ வீட்டைத் திருப்பி ஒப்படைக்கும் நாளில் அதே பட்டியல் மீண்டும் வெளிவரும். ஒரு பொருள் குறைந்தாலும் பதில் சொல்லியாக வேண்டும்.

சொந்தமல்லாத வீட்டில் இவ்வளவு கணக்குப் பார்த்துக் குடியேறியவர், சொந்த வீட்டை வாங்கும் நாளில் எப்படி நடந்துகொள்கிறார்? முப்பது, முப்பத்தைந்து ஆண்டு உழைப்பின் பயனான சேமநல நிதி, பணிக்கொடை, ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்துப் பெற்ற தொகை ஆகிய எல்லாவற்றையும் திரட்டி, போதாததற்கு வங்கியிலோ பிள்ளைகளிடமோ கடன் வாங்கி, துவாரகாவிலோ நொய்டாவிலோ குருகிராமிலோ ஒரு வீட்டை அவர் வாங்குகிறார். ஒப்படைப்பு நாளன்று கட்டட நிறுவனத்தின் அலுவலர் ஒரு காகிதத்தை நீட்டுகிறார். “வீட்டைப் பார்வையிட்டேன், எல்லாம் சரியாக உள்ளது, முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்” என்னும் பொருளில் அதில் அச்சிடப்பட்டிருக்கிறது. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாவியைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார். விசிறியை எண்ணி வாங்கியவர், வீட்டை எண்ணாமல் வாங்குகிறார்.

இதற்கு அவரை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. ஓய்வு பெற்றபின் அரசு வீட்டில் தங்குவதற்கான கெடு முடிந்துகொண்டிருக்கும். ஒருபுறம் வாடகையும் மறுபுறம் கடன் தவணையும் கட்டுபவருக்கு ஒவ்வொரு மாதமும் நஷ்டம். ஊரிலிருந்து உறவினர்கள் ரயிலுக்கு முன்பதிவு செய்திருப்பார்கள். பஞ்சாங்கம் பார்த்துக் கிரகப்பிரவேசத்துக்கு முகூர்த்தம் குறித்தாகிவிட்டது. அதை விட்டால் அடுத்த நல்ல நாள் இரண்டு மாதத்துக்குப் பின்னரே. இந்த அவசரமெல்லாம் கட்டட நிறுவனத்துக்கும் தெரியும். “சின்னச் சின்ன வேலைகள்தாம் சார், குடிவந்த பிறகு செய்து கொடுத்துவிடுகிறோம்” என்று அவர்கள் சொல்வதும், வாங்குபவர் தலையாட்டுவதும் இதனால்தான். கடைசித் தவணையைக் கட்டிக் கையெழுத்தும் போட்ட பிறகு, அந்தச் சின்ன வேலைகளுக்காக எத்தனை முறை நடக்க வேண்டியிருக்கிறது என்பதை அனுபவித்தவர்களே அறிவார்கள்.

சின்ன வேலைகள் என்று நினைத்தது சில இடங்களில் எங்கே போய் முடிந்தது என்பதற்குத் தலைநகரிலேயே சான்று இருக்கிறது. முகர்ஜி நகரில் தில்லி வளர்ச்சி ஆணையம் 2007-க்கும் 2010-க்கும் இடையே கட்டிய ‘சிக்னேச்சர் வியூ’ அடுக்ககத்தில் 336 வீடுகள். அரசு அமைப்பு கட்டியது என்ற நம்பிக்கையில் நடுத்தர வகுப்பினர் வாங்கிய வீடுகள் அவை. குடியேறிய சில ஆண்டுகளுக்குள்ளேயே நீர்க்கசிவு, பூச்சு உதிர்தல் என்று புகார்கள் எழுந்தன. ஒட்டுப் போடும் வேலைகள் நடந்தனவே தவிர நோய் தீரவில்லை. இறுதியில் தில்லி ஐ.ஐ.டி. நிபுணர்கள் ஆராய்ந்து, கட்டடம் குடியிருக்கத் தகுதியற்றது என்று கூறினர். 2024 டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் அடுக்ககத்தை இடித்துக் கட்டுவதற்கு வழிவிட்டு, குடியிருப்போர் மூன்று மாதங்களில் வெளியேற வேண்டும் என்று உத்தரவிட்டது. புதிய வீடு கிடைக்கும்வரை, வீட்டின் வகைக்கு ஏற்ப மாதம் 50,000 ரூபாய் அல்லது 38,000 ரூபாய் வாடகைத் தொகையை ஆணையம் தர வேண்டும் என்றும் கூறியது. பதினைந்து ஆண்டுகூட நிறையாத கட்டடத்தின் கதி இது.

அண்டையிலுள்ள குருகிராமில் நடந்ததும் இதற்குக் குறைந்ததல்ல. அங்கே 37-டி செக்டாரில் மத்திய அரசு நிறுவனமான என்.பி.சி.சி. கட்டிய ‘கிரீன் வியூ’ குடியிருப்பிலிருந்து, குடியேறிச் சில ஆண்டுகளே ஆன நிலையில், 2022-இல் மக்கள் வெளியேற வேண்டியதாயிற்று. அதே ஆண்டு பிப்ரவரி 10-ஆம் தேதி, 109-ஆம் செக்டாரிலுள்ள ‘சின்டெல்ஸ் பாரடைசோ’ அடுக்ககத்தின் ‘டி’ கோபுரத்தில் ஆறாவது மாடியில் தொடங்கி, கீழுள்ள தளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்தன. இரண்டு பெண்கள் உயிரிழந்தனர். கான்கிரீட்டில் குளோரைடு உப்பு அளவுக்கு மீறி இருந்ததும், அதனால் உள்ளிருக்கும் கம்பிகள் துருப்பிடித்துப்போனதும் பின்னர் நடந்த தில்லி ஐ.ஐ.டி. ஆய்வில் தெரியவந்தது.

தில்லிக்கு மட்டும் உரிய நோய் அல்ல இது. சென்னை புளியந்தோப்பு கேசவப் பிள்ளை பூங்கா பகுதியில், அப்போது குடிசை மாற்று வாரியம் என்ற பெயரில் இருந்த அரசு அமைப்பு கட்டிய அடுக்குமாடி வீடுகளில், 2021 ஆகஸ்டில், கையால் தொட்ட இடத்திலெல்லாம் சுவர்ப் பூச்சு உதிர்ந்ததைத் தமிழகமே தொலைக்காட்சியில் பார்த்தது. நிபுணர் குழு ஆய்வு செய்தது. பொறியாளர்கள்மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பது பழமொழி. ஆனால் ஏழைக்கு அரசு தரும் வீடு தானம் அல்ல, அவனது வரியிலும் உரிமையிலும் விளைந்தது. அந்த வீட்டையும் பல்லைப் பிடித்துப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

இந்த நிகழ்ச்சிகள் ஓர் உண்மையை உணர்த்துகின்றன. புதிய வீட்டின் குறைகள் இருவகை. கண்ணுக்குத் தெரிபவை ஒரு வகை. சுவருக்கும் தூணுக்கும் உள்ளே ஒளிந்திருப்பவை மற்றொரு வகை. முதல் வகையைக் கண்டுபிடிப்பது வாங்குபவரின் கையில் இருக்கிறது. இரண்டாம் வகையை அவரால் கண்டுபிடிக்க முடியாது. அங்கே அரசும் சட்டமும் அவருக்குக் கண்ணாக இருக்க வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு, “வாங்குபவர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்” என்று உபதேசம் செய்வதோடு பொறுப்பை முடித்துக்கொள்வது தவறு.

முதல் வகையை எடுத்துக்கொள்வோம். இதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. அளவு நாடா, ஒரு ரூபாய் நாணயம், கோலிக்குண்டு, வாளி, மின்சாரச் சோதனை விளக்கு, காகிதம், பேனா இவை போதும். முடிந்தால் கொத்தனாரின் ரசமட்டமும் தூக்குக்குண்டும். வெளிச்சம் நன்றாக உள்ள பகல் நேரத்தில், இரண்டு மூன்று மணி நேரம் ஒதுக்கிக்கொண்டு போக வேண்டும். நாணயத்தால் தரை ஓடுகளையும் சுவர் ஓடுகளையும் தட்டிப் பார்த்தால், அடியில் கலவை பிடிக்காத இடம் டொக்கு டொக்கென்று ஒலிக்கும். குளியலறையிலும் பால்கனியிலும் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினால் வாட்டம் எந்தப் பக்கம் என்பது தெரிந்துவிடும். தண்ணீர் வடிகாலை நோக்கிப் போகாமல் கூடத்தை நோக்கி வந்தால், அது வாழ்நாள் முழுவதும் வந்துகொண்டுதான் இருக்கும். வாளி இல்லாத இடத்தில் கோலிக்குண்டு அதே உண்மையைச் சொல்லும்.

தில்லி வீட்டின் முதல் எதிரி ஓதம். மேல்மாடி வாங்குபவர் மொட்டைமாடித் தளத்தையும், மற்றவர்கள் தங்கள் தலைக்கு மேலுள்ள குளியலறையின் அடிப்பகுதியையும் கட்டாயம் பார்க்க வேண்டும். வடிகாலை அடைத்து, குளியலறையில் ஒரு நாள் முழுவதும் தண்ணீரைத் தேக்கிவைத்து, மறுநாள் கீழ்வீட்டுக் கூரையைப் பார்ப்பதே சரியான சோதனை. ஜூலை, ஆகஸ்டு மழைக்குப் பின் வீட்டைப் பார்க்கும் வாய்ப்பு இருந்தால் அதைவிட நல்ல பரிசோதகர் வேறு இல்லை. சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் அதன்மேல் புதிதாக அடித்த வண்ணத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். வண்ணம் நோயை மறைக்கும், போக்காது.

கதவையும் சன்னலையும் ஒவ்வொன்றாகத் திறந்து மூட வேண்டும். நிலை நேராக நிற்கிறதா, தாழ்ப்பாள் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்து, தண்ணீரின் வேகம் குறைகிறதா என்று கவனிக்க வேண்டும். ஒவ்வொரு மின்சார இணைப்பையும் போட்டுப் பார்த்து, ‘எர்த்’ கம்பி உண்மையில் இணைக்கப்பட்டிருக்கிறதா என்பதை மின்பணியாளரைக் கொண்டு சோதிக்க வேண்டும். பூச்சில் மயிரிழைபோல் ஓடும் கீறலுக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் தூணிலோ பீமிலோ சாய்வாக ஓடும் விரிசல், சுவரின் இருபுறமும் தெரியும் விரிசல், துருக்கறை கசியும் விரிசல் ஆகியவற்றைக் கண்டால், பொறியாளர் ஒருவர் பார்த்துச் சொல்லும்வரை கையெழுத்துப் போடக் கூடாது. கடைசியாக, அளவு நாடாவால் அறைகளை அளந்து பார்க்க வேண்டும். விற்பனை ஒப்பந்தத்தில் சொன்ன உட்பரப்பு உண்மையில் இருக்கிறதா என்பதும் ஒரு சோதனையே.

கண்ட குறைகளை வாயால் சொல்லிப் பயனில்லை. அறைவாரியாக எழுதி, புகைப்படம் எடுத்து, தேதியிட்டு, இரண்டு பிரதிகளில் நிறுவனத்தின் கையொப்பம் பெற வேண்டும். ஒவ்வொரு குறையும் எந்தத் தேதிக்குள் சரிசெய்யப்படும் என்பதும் அதில் இருக்க வேண்டும். அச்சிட்ட காகிதத்தில் ‘முழுத் திருப்தி’ என்ற சொற்கள் இருந்தால், “இணைப்பில் கண்ட குறைகளுக்கு உட்பட்டு” என்று கையால் எழுதிய பிறகே கையெழுத்திட வேண்டும். முகூர்த்தம் குறிப்பதற்கு முன் குறைகளைக் குறிப்பது என்ற வழக்கம் நம் குடும்பங்களில் வர வேண்டும். பத்து நாள் தள்ளிப் பால் காய்ச்சினால் குறைந்துவிடப் போவது ஒன்றுமில்லை.

சட்டம் இந்த விஷயத்தில் வாங்குபவரைக் கைவிட்டுவிடவில்லை. வீட்டு வசதித் துறையில் அரசு அமைப்புகள் செய்வதும் ‘சேவை’யே, குறை இருந்தால் அவையும் நுகர்வோர் மன்றத்தில் பதில் சொல்ல வேண்டும் என்று லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் 1993-இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2016-ஆம் ஆண்டு மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு இன்னும் தெளிவானது. வீடு ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ, வேலைத் தரத்திலோ குறை கண்டு தெரிவித்தால், 30 நாட்களுக்குள் செலவின்றிச் சரிசெய்து தருவது கட்டுநரின் கடமை. தவறினால் இழப்பீடு தர வேண்டும். பொதுமக்களுக்கு வீடு கட்டி விற்கும் வளர்ச்சி ஆணையங்களும் இச்சட்டத்தின்படி கட்டுநர்களே. ஆகவே அவசரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டவர்கள்கூட மனம் தளர வேண்டியதில்லை. குறையை இன்றே எழுத்தில் தெரிவிக்கலாம்.

ஆனால் இச்சட்டத்தில் இரண்டு பெரிய ஓட்டைகள் இருக்கின்றன. 500 சதுர மீட்டருக்கு மேற்படாத மனையில், அல்லது எட்டு வீடுகளுக்கு மேற்படாமல் கட்டப்படும் திட்டங்கள் பதிவு செய்யப்பட வேண்டியதில்லை. தில்லியில் பழைய வீட்டை இடித்துவிட்டு மாடிக்கு ஒரு வீடாகக் கட்டி விற்கும் ‘பில்டர் ஃபுளோர்’ வீடுகளில் பெரும்பாலானவை இந்த விலக்குக்குள் ஒளிந்துகொள்கின்றன. நம்மவர்கள் பலர் வாங்குவது இத்தகைய வீடுகளையே. யார் கட்டினார், என்ன கம்பி போட்டார், எத்தனை நாள் தண்ணீர் விட்டார் என்பதற்கு அங்கே ஏடும் இல்லை, சாட்சியும் இல்லை.

இரண்டாவது ஓட்டை, நாம் முன்பு சொன்ன ஒளிந்திருக்கும் குறைகள் பற்றியது. ஒரு கன மீட்டர் இரும்புக் கம்பியிட்ட கான்கிரீட்டில் குளோரைடு 0.6 கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது என்று இந்திய தர விதி வரையறுத்திருக்கிறது. வெப்பமும் வறட்சியும் மிக்க பருவத்தில் கான்கிரீட்டை 10 நாட்களாவது ஈரமாக வைத்திருக்க வேண்டும் என்றும் அதே விதி கூறுகிறது. கலவையிலிருந்து எடுத்த கனசதுரக் கட்டிகளை 28-ஆம் நாளில் அழுத்திச் சோதித்து வலிமையைப் பதிவு செய்ய வேண்டும். விதிகளுக்குக் குறைவில்லை. அவை பின்பற்றப்பட்டனவா என்பதைப் பூச்சுப் பூசி, வண்ணம் அடித்த பிறகு நாணயத்தால் தட்டியா கண்டுபிடிக்க முடியும்? உள்ளே கம்பி துருப்பிடித்து, கான்கிரீட்டைப் பிளந்து, வெளியே விரிசலாகத் தெரிவதற்குள் சட்டம் தந்த 5 ஆண்டுகள் கடந்துவிடக்கூடும். நிலநடுக்க அபாயம் மிக்க தலைநகர்ப் பகுதியில் இந்த அலட்சியத்தின் விலை பணம் மட்டுமல்ல, உயிர்.

மற்ற நாடுகள் இதை எப்படிக் கையாளுகின்றன? சிங்கப்பூரில் கட்டடங்களின் வேலைத் தரத்தைப் பரிசோதித்து மதிப்பெண் இடும் ‘கான்குவாஸ்’ முறை 1989 முதல் இருந்து வருகிறது. அங்கே வீட்டு வசதிக் கழகம் தரும் வீடுகளில் பொதுவான குறைகளுக்கு ஓராண்டும், கூரைக் கசிவுக்கு 5 ஆண்டுகளும், கான்கிரீட் பெயர்ந்து விழுவதற்கு 10 ஆண்டுகளும் பொறுப்பு ஏற்கப்படுகிறது. லண்டனில் 2017-இல் கிரென்ஃபெல் அடுக்ககத் தீயில் 72 பேர் உயிரிழந்த பிறகு, 2022-இல் கொண்டுவந்த சட்டத்தின் மூலம், குடியிருக்கத் தகுதியற்றதாகக் கட்டிய வீட்டுக்காக வழக்குத் தொடுக்கும் காலத்தை 15 ஆண்டுகளாக நீட்டினார்கள். குறை எவ்வளவு காலத்தில் வெளிப்படுமோ அவ்வளவு காலம் பொறுப்பும் நீடிக்க வேண்டும் என்பதே இவற்றின் அடிப்படை.

ஆகவே மத்திய அரசும், தில்லி, ஹரியாணா, உத்தரப் பிரதேச அரசுகளும் உடனடியாகச் செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, கட்டுநரின் ஊதியம் பெறாத சுதந்திரமான பொறியாளர் கட்டடத்தைச் சோதித்துத் தரும் அறிக்கை இல்லாமல் குடியேற்றச் சான்றிதழ் வழங்கக் கூடாது. கான்கிரீட் சோதனை ஏடுகள் உட்பட அந்த அறிக்கையின் பிரதி, வாங்கும் ஒவ்வொருவருக்கும் சாவியோடு சேர்த்துத் தரப்பட வேண்டும். இரண்டாவது, கட்டமைப்புக் குறைகளுக்கான பொறுப்பை 5 ஆண்டுகளிலிருந்து குறைந்தது 10 ஆண்டுகளாக உயர்த்த வேண்டும். சிறு மனைகளில் கட்டும் வீடுகளுக்கும் அது பொருந்த வேண்டும். மூன்றாவது, கடைசித் தவணையில் ஒரு பகுதி, குறைப் பட்டியலிலுள்ள வேலைகள் முடியும்வரை பொதுக் கணக்கில் நிறுத்திவைக்கப்பட வேண்டும். அரசு ஒப்பந்ததாரர்களிடம் பொதுப்பணித் துறை பிணைத் தொகை பிடித்து வைப்பது நெடுநாளைய வழக்கம். அரசு தன் பணத்துக்குச் செய்துகொள்ளும் பாதுகாப்பைக் குடிமகனின் பணத்துக்கும் செய்து தருவதில் என்ன தடை?

இதனால் செலவு கூடும், ஒப்படைப்பு தாமதமாகும் என்று கட்டட நிறுவனங்கள் முறையிடக்கூடும். நேர்மையாகக் கட்டுபவர்கள் இதற்கு அஞ்ச வேண்டியதில்லை. அவர்களுக்கு இது நற்சான்றாகவே அமையும். பரிசோதனைக்கு ஆகும் தொகை வீட்டின் விலையோடு ஒப்பிட்டால் அற்பம். இடித்துக் கட்டும் செலவோடும், வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் பட்ட பாட்டோடும் ஒப்பிட்டால் அது கணக்கிலேயே வராது.

அரசு செய்யும்வரை நாம் காத்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. மத்தியப் பொதுப்பணித் துறையிலும், ராணுவப் பொறியியல் பணியிலும், ரயில்வேயிலும் பணியாற்றி ஓய்வு பெற்ற தமிழ்ப் பொறியாளர்கள் தலைநகர்ப் பகுதியில் வசித்து வருகிறார்கள். கலவையைக் கையால் தொட்டுப் பார்த்தே தரத்தைச் சொல்லக்கூடிய அனுபவம் அவர்களிடம் இருக்கிறது. வீடு வாங்கும் குடும்பத்தோடு ஒரு நாள் சென்று பார்த்து, குறைகளை எழுதித் தரும் சிறு குழுவைத் தமிழ் அமைப்புகளும் குடியிருப்போர் சங்கங்களும் ஏற்படுத்தினால், இசை விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் நிகரான தொண்டாக அது அமையும். மந்திர் மார்க் ரீடிங் ரோடாக இருந்த அந்தக் காலத்தில், சிறு சம்பளக் குமாஸ்தாக்களாக இங்கு வந்த தமிழர்கள், தங்கள் பிள்ளைகள் தாய்மொழியை இழந்துவிடக் கூடாதே என்று கூடிப் பள்ளிக்கு வித்திட்டார்கள். அது தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளாக வளர்ந்திருக்கிறது. கூடிச் செய்தால் நடக்கும் என்பதற்கு நமக்கு வெளியே உதாரணம் தேட வேண்டியதில்லை.

வீட்டைக் கட்டிப் பார் என்றார்கள் நம் முன்னோர். கட்டும் வேலையைப் பிறரிடம் விட்டுவிட்ட நகரவாசிக்கு, கட்டியதைப் பார்க்கும் வேலையாவது எஞ்சியிருக்கிறது. அதைச் செய்யாமல் யாரும் கையெழுத்திட வேண்டாம். அவர் கண்ணுக்கு எட்டாததைப் பார்க்கும் கடமை அரசினுடையது. முகர்ஜி நகரிலும் குருகிராமிலும் கிடைத்த பாடம் போதாதா? இன்னொரு கட்டடம் சரிந்த பிறகு குழு அமைப்பதைவிட, இன்றே சட்டத்தைத் திருத்துவது அறிவுடைமை.